ஆறுக்கும் எட்டுக்கும் நடுவே

மார்ச் மாதம் ஒரே வாரத்தில் மூன்று பெண்கள் மயங்கி விழுந்தார்கள். மூன்று பேரும் மெஷின் ஷாப்பில், ஓவர்டைம் நாளின் பதினோராவது மணி நேரத்தில், நின்ற இடத்திலேயே விழுந்தார்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலிருந்த அந்தக் கம்பெனி இதைச் சும்மா விட்டுவிடவில்லை. விசாரணைக் குழு அமைத்தது. குழு ஐந்து முறை கூடியது. ஐந்தாவது கூட்டத்தின் முடிவில், மயக்கத்துக்குக் காரணம் தொழிலாளிகளின் வீட்டுச் சமையலறையில் இருக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். குழுவில் இருந்த யாரும் எந்தச் சமையலறைக்கும் போகவில்லை. வேலை நேரத்தில் கேட்டைத் தாண்டிப் போவதற்குத் தனி அனுமதி வேண்டும். அதை யாரிடம் கேட்பது என்பது தெளிவாக இல்லை.

மூன்றாவதாக விழுந்தவள் வினோதா. ஏழாம் நம்பர் மெஷினை ஓட்டுகிறவள். வயது இருபத்துமூன்று. ஒப்பந்தத் தொழிலாளி, டோக்கன் எண் சி-113. ஓவர்டைம் இல்லாத நாட்களில் பொன்னேரிக்குப் பஸ் பிடித்துப் போய் மாலை வகுப்பில் டிப்ளமோ படித்துக்கொண்டிருந்தாள். எதையும் கோடு போட்ட நோட்டில் தேதியோடு எழுதி வைக்கும் பழக்கம் அந்த வகுப்பில் வந்தது. எழுதியது சரிதானா என்று மூன்று முறை பார்க்கும் பழக்கம் அவளிடம் முன்பே இருந்தது. மயக்கம் தெளிந்ததும், தான் எத்தனை மணிக்கு விழுந்தோம் என்று சுற்றி நின்றவர்களைக் கேட்டாள். ஆளுக்கு ஒரு நேரம் சொன்னார்கள். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு பக்கத்தில் கேள்விக்குறி போட்டாள்.

கம்பெனி நடத்திய மருத்துவ முகாமில் அவளுக்கு ரத்தத்தில் ஹீமோகுளோபின் எட்டு புள்ளி ஒன்று என்றார்கள். பன்னிரண்டு இருக்க வேண்டும். குறைந்தது பதினொன்றாவது வந்தாக வேண்டும். டாக்டரம்மா மாத்திரை எழுதித் தந்தார். கீரை, பீட்ரூட், நெல்லிக்காய் தினமும் உள்ளே போகட்டும் என்றார். ஜூஸாக அரைத்துக் குடித்தாலும் சரி, சர்க்கரை மட்டும் போடாதே என்றார். வினோதா அத்தனையையும் எழுதிக்கொண்டாள்.

ஜூன் ஒன்றாம் தேதி காலையில் எல்லாரையும் கேன்டீன் முன்னால் நிற்கவைத்து, மனிதவளத் துறை மேனேஜர் எட்வர்ட் 'நலவாழ்வு நூறு நாள்' என்ற திட்டத்தை அறிவித்தார். எட்வர்ட் நல்ல மனிதர். யாரையும் ஒருமையில் பேசமாட்டார். மெமோ கொடுக்கும்போது உட்காரச் சொல்லிவிட்டுத்தான் கொடுப்பார்.

"கம்பெனி உங்களுக்கு யூனிஃபார்ம் குடுக்குது, ஷூ குடுக்குது, நிக்கிறதுக்கு எடம் குடுக்குது," என்றார். "ஆனா ரத்தத்த கம்பெனி குடுக்க முடியாது. அத நீங்கதான் வீட்லேர்ந்து கொண்டு வரணும்."

விஷயம் இதுதான். ஒவ்வொருவரும் தினமும் வீட்டில் அரைத்த காய்கறி, பழச் சாறு முந்நூறு மில்லி கொண்டுவர வேண்டும். பாட்டிலைக் கம்பெனியே கொடுக்கும். தினமும் தரப் பரிசோதனை நடக்கும். மெஷின் ஷாப்பில் நிரந்தர வேலை ஒன்று காலியாக இருக்கிறது. நூறு நாளில் யாருடைய சாறு அதிக நாட்கள் தேறுகிறதோ, அந்த ஒப்பந்தத் தொழிலாளிக்கு அந்த வேலை.

கூட்டம் ஓரடி முன்னால் நகர்ந்தது. அந்தக் கம்பெனியில் நிரந்தர வேலை கடைசியாகக் காலியானது ஆறு வருஷத்துக்கு முன்னால். வினோதாவுக்கு அது மூன்றாவது ஒப்பந்தம். ஒவ்வொரு பதினோரு மாதத்துக்கும் ஒருமுறை டோக்கனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வேலை கேட்டு வந்த புதியவள் மாதிரி கேட்டில் நின்று, அதே டோக்கனை மறுபடி வாங்கிக்கொள்வாள்.

ஃபோர்க் லிஃப்ட் ஓட்டும் லோகநாதன் கையைத் தூக்கினார். இருபது வருஷ நிரந்தரத் தொழிலாளி. சர்க்கரை வியாதிக்காரர். கேன்டீனில் தினமும் போடும் போண்டாவையும் பாகு மாதிரி இருக்கும் டீயையும் பற்றி ஏதாவது உண்டா என்று கேட்டார்.

"சாப்பாடு அட்மின் டிபார்ட்மென்ட்," என்றார் எட்வர்ட். "ஆரோக்கியம் எங்க டிபார்ட்மென்ட். ரெண்டையும் கொழப்பிக்கக் கூடாது."

மறுநாள் ஐந்து மணிக்கு வினோதா மிக்ஸியைப் போட்டாள். பீட்ரூட் பாதி, கேரட் ஒன்று, நெல்லிக்காய் இரண்டு, ஒரு கைப்பிடி முருங்கைக்கீரை, ஒரு சொம்பு தண்ணீர். வடிகட்டவில்லை. அம்மா செண்பகம் பக்கத்துக் கம்பெனியில் துப்புரவு வேலை செய்கிறவள். ஆறரை வரை தூங்க அவளுக்கு உரிமை இருந்தது.

"இன்னாடீ இது, விடியறதுக்குள்ள ஊரையே எழுப்பிக்கினு கீறே? அத்தையே கொழம்புல போட்டு துன்னா உள்ள போவாதா?"

"நெல்லிக்காவ கொழம்புல போடுவியாம்மா நீ?"

"போட்டா துன்ன மாட்டியா?"

கம்பெனியில் காலை ஏழு மணிக்குள் பாட்டிலை லேப் வாசலில் இருந்த தட்டில் வைக்க வேண்டும். லேப் என்பது பூமிகா. போன வருஷம்தான் வேலைக்குச் சேர்ந்தவள். உலோகப் பாகங்களை அளந்து பார்ப்பது அவள் வேலை. சாற்றை எப்படி அளப்பது என்று அவளுக்குத் தெரியாது. அளக்க முடியாததை நிர்வகிக்க முடியாது என்று தலைமை அலுவலகத்திலிருந்து வந்த சுற்றறிக்கை மட்டும் தெரியும். லேபில் திரவத்தை அளக்க ஒரே ஒரு கருவி இருந்தது. மெஷினில் இரும்பைக் கடையும்போது சூடு தணிக்க ஊற்றுகிறார்களே, அந்தப் பால் நிறக் கூலன்ட், அது சரியான அடர்த்தியில் இருக்கிறதா என்று பார்க்கிற கருவி. கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டு, வெளிச்சத்தைப் பார்த்துக் கண்ணில் வைத்தால் உள்ளே ஒரு கோடும் எண்ணும் தெரியும். சாற்றை விட்டாலும் தெரிந்தது. எந்த எண் இருந்தால் தேறும் என்ற கேள்வி வந்தபோது, கூலன்ட் படிவத்தில் ஏற்கெனவே அச்சடித்திருந்த 'ஆறிலிருந்து எட்டு வரை' என்பதை அப்படியே வைத்துக்கொண்டு தலைப்பை மட்டும் மாற்றினார்கள். படிவம் மூன்று மேனேஜர்களின் கையெழுத்தோடு வந்தது. அதன்பிறகு அது விஞ்ஞானமாகிவிட்டது.

வினோதாவின் சாறு மூன்று புள்ளி நான்கு காட்டியது.

முந்நூறு மில்லியில் நூறு மில்லி பரிசோதனைக்கு. நூறு மில்லி சாட்சிக்கு. பின்னால் புகார் வந்தால் ஒப்பிட்டுப் பார்க்க, மெஷின் பாகங்களை வைப்பது போலவே தேதி ஒட்டி அலமாரியில் வைத்தார்கள். ஐம்பது மில்லி நோட்டீஸ் போர்டுக்காகப் படம் எடுப்பதற்கு. மிச்சம் ஐம்பது, பச்சை அல்லது சிவப்பு ஸ்டிக்கரோடு மத்தியானம் இரண்டரைக்குத் திரும்பி வரும். அதற்குள் அது புளித்திருக்கும். தேறிய சாற்றை அங்கேயே குடிக்க வேண்டும். தேறாததைச் சிவப்புத் தொட்டியில் கொட்ட வேண்டும். பரிசோதனைக்கு முன்னால் யாரும் குடிக்கக் கூடாது என்பது ஒன்பதாம் விதி.

வினோதா வீட்டிலேயே குடித்துவிட்டுத்தான் வந்தாள். அது அவளை உறுத்தியது. நோட்டில் 'ருசி பார்த்தது: 250 மில்லி' என்று எழுதினாள்.

பத்தொன்பதாம் நாள், சாட்சி அலமாரியில் இருந்த பாட்டில்களின் மூடிகள் ஒவ்வொன்றாகத் தெறித்தன. காற்று புகாமல் மூடாததுதான் காரணம் என்று குழு முடிவு செய்தது. நட்டு முடுக்கும் டார்க் ஸ்பேனரைக் கொண்டுவந்து, மூடிகளை அளவு பார்த்து முடுக்கினார்கள். இருபத்திரண்டாம் நாள் பாட்டில்களே வெடித்தன. அன்றிலிருந்து பூமிகா லேபுக்குள் ஹெல்மெட் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

இதற்குள் மற்றவர்களுக்கு வழி பிடிபட்டுவிட்டது. சுரைக்காய்ச் சாறு மூன்று காட்டுகிறதா, சர்க்கரை போட்டால் ஏழு காட்டும். சர்க்கரையும் தண்ணீரும் மட்டும் கலந்து, கலருக்கு ஒரு துண்டு பீட்ரூட் போட்டால் ஏழரையில் அசையாமல் நிற்கும். நோட்டீஸ் போர்டில் பச்சை ஸ்டிக்கர்கள் பெருகின. தொழிலாளிகளின் ஆரோக்கியம் நாற்பது சதவீதம் உயர்ந்துவிட்டதாகத் தலைமை அலுவலகத்துக்கு அறிக்கை போனது.

லோகநாதன் பாகற்காய் குடிக்கிறவர். அவருடைய பாட்டிலும் பச்சை வாங்கியது.

"லேபுக்கு ஒண்ணு, வாய்க்கு ஒண்ணும்மா," என்று வினோதாவிடம் சொன்னார். "சக்கரத் தண்ணிய பாட்டில்ல ஊத்தி அவங்ககிட்ட குடு. ஊட்ல நீ உன்னுத குடி. இதுல இன்னா பேஜாரு உனக்கு?"

பேஜாரு மூன்றாம் படிவத்தில் இருந்தது. 'இந்தப் பாட்டிலில் உள்ளதையே நான் அருந்துகிறேன்' என்று அதில் தினமும் கையெழுத்துப் போட வேண்டும். எல்லாரும் போட்டார்கள். வினோதா அதைப் படித்துவிட்டுப் போட்டாள். அதுதான் வித்தியாசம்.

"பொய் கையெத்து ஆயிடும்ணா."

"அத்த படிக்க ஆளு கீதாம்மா இங்க?"

"நான் படிச்சிட்டனே."

லோகநாதன் வண்டியைப் பின்னால் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

முப்பதாம் நாளிலிருந்து நோட்டீஸ் போர்டில் வாராவாரம் பட்டியல் ஒட்டினார்கள். பெயர் கிடையாது, டோக்கன் எண் மட்டும். ஒப்பந்தத் தொழிலாளிகள் பட்டியலில் முதல் இடத்தில் எம்-07 என்று இருந்தது. கொடுத்த நாளெல்லாம் தேர்ச்சி. ஆறு புள்ளி எட்டு, ஆறு புள்ளி ஒன்பது, ஏழு. மனித நாக்கால் அப்படி ஓர் ஒழுங்கு முடியாது என்று வினோதாவுக்குத் தோன்றியது. வகை என்ற கட்டத்தில் 'பால் நிறம், லேசான மருந்து வாசனை' என்று பூமிகா எழுதியிருந்தாள்.

சி-113 கடைசி இடத்தில் இருந்தது.

எம் என்றால் யார் என்று விசாரித்தாள். மெயின்டனன்ஸ் ஆட்களாக இருக்கும் என்றார் லோகநாதன். மெயின்டனன்ஸில் கேட்டபோது, எம் என்றால் மெட்டீரியல் ஸ்டோர் என்றார்கள். ஸ்டோரில் இருந்தவர், எம் என்றால் மேனேஜ்மென்ட், அவர்களைப் பற்றிக் கேட்காதே என்றார். பால் நிறத்தில் என்ன குடித்தால் அப்படித் தேறும் என்று யோசித்து, இரண்டு நாள் தேங்காய்ப்பால் சேர்த்துப் பார்த்தாள். வயிறு ஒத்துக்கொள்ளவில்லை. தன் உடம்புதான் தரத்துக்குக் கீழே இருக்கிறதோ என்று நோட்டில் எழுதி, கேள்விக்குறி போட்டாள்.

உண்மையில் உடம்பு வேறு மாதிரி நடந்துகொண்டிருந்தது. ஐம்பதாம் நாள் வாக்கில், ரயில்வே மேம்பாலப் படிகளை நடுவில் நிற்காமல் ஏறினாள். நகம் சிவந்திருந்தது. வீட்டில் செண்பகமும் ஒருநாள், மிக்ஸி சத்தத்தில் எழுந்து உட்கார்ந்து, எனக்கும் ஒரு வாய் ஊத்து, மிக்ஸிய கழுவுறவளுக்கு அதுகூட கெடையாதா என்று கேட்டு வாங்கிக் குடித்தாள். மறுநாள் தானே நெல்லிக்காயைக் கொட்டை நீக்கி வைத்துவிட்டுப் படுத்தாள். ராத்திரி கடையில் போண்டா வாங்கி வரும் பழக்கம் எப்போது நின்றது என்று இருவருக்கும் நினைவில்லை. இவை எதற்கும் படிவம் இல்லாததால் எதுவும் பதிவாகவில்லை.

அறுபத்து மூன்றாம் நாள் வினோதா நோட்டையும் பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பரீட்சைக்காக அவள் லீவு போட்ட இரண்டு நாளும் எம்-07 சாறு கொடுக்கவில்லை. அவளுக்குக் காய்ச்சல் வந்த நாளில் எம்-07 கொடுக்கவில்லை. அவள் ஓவர்டைமுக்கு வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் எம்-07 கொடுத்திருந்தது. தன்னோடு சேர்ந்து காய்ச்சலில் விழுகிற, தன்னோடு பரீட்சை எழுதுகிற ஒருவன் இந்தக் கம்பெனியில் எங்கோ இருக்கிறான் என்று ஒரு நாள் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தாள். மாலை வகுப்பில் பின் பெஞ்சுகளைக்கூடத் திரும்பிப் பார்த்தாள்.

மறுநாள் காலை லேப் தட்டில் இரண்டு பாட்டில்களை வைத்தாள். ஒன்று சாறு. இன்னொன்று ஏழாம் நம்பர் மெஷினின் கூலன்ட். ஷிப்ட் தொடங்கும்போது தினமும் கூலன்ட் மாதிரியை லேபுக்குக் கொடுக்க வேண்டும் என்று மெஷின்மேல் எழுதி ஒட்டியிருந்தது. மற்றவர்கள் எப்போதாவது கொடுத்தார்கள். அவள் மட்டும் ஒரு நாளும் தவறியதில்லை. இரண்டுக்கும் ஒரே மாதிரி பாட்டில்தான். கம்பெனி மொத்தமாக வாங்கியது. பாட்டிலின்மேல் லேபிள் இருந்தது. லேபிளில் அவள் கையெழுத்தில், தினமும் யோசிக்காமல் எழுதும் மெஷின் எண், அழகாக, எம்-07 என்று இருந்தது.

பட்டியலை எடுத்து லேபிளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பிறகு பூமிகாவிடம் சொன்னாள்.

"தட்டுல கீற எதையும் எழுதாம உடக் கூடாதுன்னு சொன்னாங்கக்கா," என்றாள் பூமிகா, ஹெல்மெட்டுக்குள்ளிருந்து. "நம்பர் போட்டா கம்ப்யூட்டர் எடுத்துக்குச்சி. புது ஆளான்னு கேட்டுச்சி. ஆமான்னு குடுத்தேன்."

வினோதா எட்வர்டைப் பார்க்கப் போனாள். அவர் உட்காரச் சொன்னார். அது அவளுக்குப் பயமாக இருந்தது.

"சார், எம்-07 ஆளு இல்ல சார். நான் ஓட்டுற மெஷினு."

எட்வர்ட் கம்ப்யூட்டரைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பதிவு இருக்கிறது, எண் இருக்கிறது, தினசரி வருகை இருக்கிறது. அறுபத்து நான்கு நாள் அறிக்கை தலைமை அலுவலகத்துக்குப் போய், பாராட்டுக் கடிதமும் வந்திருக்கிறது.

"வினோதா," என்றார் மென்மையாக. "கூட வேல செய்றவங்க முன்னேறும்போது வயித்தெரிச்சல் வர்றது மனுஷ சுபாவம். அத நாம ஜெயிக்கணும்."

"சார், அது குடிக்கிறது கூலன்ட்டு சார்."

"அவங்கவங்க வீட்டுப் பழக்கத்துல கம்பெனி தலையிடாது."

நூறாவது நாள் விழா. தலைமை அலுவலகத்திலிருந்து நலவாழ்வுப் பிரிவின் தலைவர் அன்புசெல்வன் வந்திருந்தார். அவருக்கு இளநீர் கொடுத்தார்கள். அது பரிசோதிக்கப்படாததால் குடிக்காமல் வைத்துவிட்டார். மைக்கைப் பிடித்து, எம்-07 மேடைக்கு வர வேண்டும் என்றார். யாரும் வரவில்லை. மறுபடி கூப்பிட்டார். எட்வர்ட் வினோதாவுக்குக் கண்ணைக் காட்டினார். அவள் ஏறிப் போய், அன்புசெல்வன் காதருகில், சார் அது மெஷின், ரெண்டு டன் வெயிட்டு, நடக்காது என்று சொன்னாள்.

அன்புசெல்வன் கையில் அச்சடித்த சான்றிதழ் இருந்தது. எதிரே புகைப்படக்காரர் நின்றுகொண்டிருந்தார்.

"நண்பர்களே," என்றார். "இது தவறு என்று சிலர் நினைக்கலாம். நான் நினைக்கவில்லை. எம்-07ஐப் பாருங்கள். பத்து வருடத்தில் ஒரு நாள் லீவு கேட்டதா? பாத்ரூம் போக வேண்டும் என்று லைனை விட்டுப் போயிருக்கிறதா? மயங்கி விழுந்திருக்கிறதா? நாம் ஊற்றியதைக் குடித்தது. நாம் சொன்ன எண்ணில் நின்றது. ஒரு தொழிலாளியிடம் கம்பெனி இதைவிட வேறு என்ன கேட்டுவிட்டது?"

கைதட்டினார்கள். கை தட்டுவதற்காக முதல் வரிசையில் நிற்கவைக்கப்பட்டவர்கள் தட்டியதால் பின்வரிசையும் தட்டியது. சான்றிதழைப் புகைப்படத்துக்காக வினோதா பிடித்துக்கொண்டாள். மெஷின் ஷாப்பின் காலி இடத்தில் எம்-07 நிரந்தரமாக்கப்பட்டது. அதன் ஆபரேட்டரான சி-113இன் ஒப்பந்தம் பதினோரு மாதத்துக்கு நீட்டிக்கப்பட்டது.

அன்று சாயங்காலம் வினோதா வீட்டில் மறுநாளுக்கான பீட்ரூட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். செண்பகம்தான் கேட்டாள்.

"கெடச்சிச்சா?"

"மெஷினுக்குக் குடுத்துட்டாங்க."

செண்பகம் அதைப் பற்றிக் கொஞ்சம் யோசித்தாள். "அதுக்கு யாரு சிபாரிசாம்?"

"நான்தான்."

நிரந்தரத் தொழிலாளிகளுக்குக் காலை பத்து மணிக்குக் கேன்டீனிலிருந்து ஒரு கிளாஸ் ஜூஸ் உண்டு. கலர்ப் பொடி, சர்க்கரை, தண்ணீர், ஐஸ். மறுநாளிலிருந்து கேன்டீன் மணிகண்டன் ஒரு கிளாஸைக் கொண்டுவந்து ஏழாம் நம்பர் மெஷின்முன் வைத்து, ரிஜிஸ்டரை நீட்டினார். ஒப்பந்தத் தொழிலாளிகள் அதைக் குடிக்கக் கூடாது. திருப்பி அனுப்பவும் முடியாது. அனுப்பினால் கேன்டீன் கணக்கு உதைக்கும். என்ன செய்வது என்று வினோதா எட்வர்டுக்கு எழுதிக் கேட்டாள். நான்கு நாள் கழித்துப் பதில் வந்தது. 'பானம் எந்த ஊழியருக்கு ஒதுக்கப்பட்டதோ, அந்த ஊழியரையே சென்றடைய வேண்டும்.'

அவள் அதை மூன்று முறை படித்தாள். வேறு அர்த்தம் இருக்குமோ என்று பார்த்தாள். இல்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு, கூலன்ட் டாங்கின் மூடியைத் திறந்து கிளாஸை உள்ளே கவிழ்த்தாள். கிளாஸைக் கழுவிக் கொடுத்தாள்.

நிரந்தரத் தொழிலாளிகள் பொதுவாக அந்த ஜூஸை என்ன செய்கிறார்கள் என்று அப்போது அவளுக்குத் தெரியாது. ஃபோர்க் லிஃப்ட் நிற்கும் இடத்துக்குப் பின்னால் ஒரு பாதாம் மரம் இருந்தது. லோகநாதன் தினமும் பத்து ஐந்துக்கு அங்கே போய்விட்டு வருவார். அந்த மரத்தடியில் இருந்த அளவு எறும்பு சிப்காட்டில் வேறெங்கும் கிடையாது.

மூன்றாவது வாரத்தில் மெஷின் நாற ஆரம்பித்தது. அழுகிய முட்டை வாசனை. கூலன்ட் பதினொன்று காட்டியது. கடைந்து வந்த பாகங்கள் பிசுபிசுத்தன. இரண்டு நாளில் பழுப்பாகத் துருப் பிடித்தன. வாடிக்கையாளர் ஒரு லாரி லோடைத் திருப்பி அனுப்பினார். ஒரு மாதம் முடிவதற்குள் மோட்டார் நின்றது. பத்து வருஷமாக ஒரு நாளும் விழாத மெஷின், கம்பெனி ஜூஸ் குடிக்க ஆரம்பித்த இருபத்தாறாம் நாளில் விழுந்தது.

நிரந்தரத் தொழிலாளியை விசாரணை இல்லாமல் வேலையை விட்டு எடுக்க முடியாது. மெமோ அடித்து மெஷின்மேல் ஒட்டினார்கள். நாற்பத்தெட்டு மணி நேரத்தில் விளக்கம் வரவில்லை. விசாரணை எம்-07 இருந்த இடத்திலேயே நடந்தது. துணைக்கு ஒரு சக ஊழியரை வைத்துக்கொள்ளும் உரிமை அதற்கு இருந்ததால் வினோதாவை நிற்கவைத்தார்கள். அன்புசெல்வன் நேரில் வந்து மூக்கைப் பொத்திக்கொண்டு கேள்வி கேட்டார்.

"அந்த டாங்கில் என்ன ஊற்றினாய்?"

வினோதா நோட்டைத் திறந்து, தேதி வாரியாக, எத்தனை மணிக்கு எத்தனை மில்லி என்று வாசித்தாள். எட்வர்டின் பதில் கடிதத்தையும் நீட்டினாள். கேன்டீன் ரிஜிஸ்டர் அவள் நோட்டோடு ஒத்துப்போனது. அந்தக் கம்பெனியில் இரண்டு பதிவுகள் ஒத்துப்போனது அதுவே முதல்முறை.

"இருபத்தாறு நாள் கேன்டீன் ஜூஸ் குடித்து ஒரு மெஷின் இப்படி ஆகுமா?" என்றார் அன்புசெல்வன்.

எல்லாரும் லோகநாதனைப் பார்த்தார்கள். இருபது வருஷமாக அதைக் குடிப்பதாகக் கையெழுத்துப் போட்டுவருகிறவர் அவர்தான்.

"ஒவ்வொரு ஒடம்புக்கு ஒவ்வொரு மாதிரி சார்," என்றார் லோகநாதன்.

கேன்டீன் அட்மின் துறை என்பதால் ஜூஸைப் பற்றிக் குழு கருத்துச் சொல்லவில்லை. எம்-07 உடல் தகுதியின்மை காரணமாக வேலையிலிருந்து விடுவிக்கப்பட்டது. பதினொன்று என்ற எண் ஆபத்தானது என்று தெரிந்துவிட்டதால், பாதுகாப்புக்காக அளவைக் கீழே இறக்கினார்கள். புதிய படிவத்தில் 'மூன்றிலிருந்து நான்கு வரை' என்று அச்சடித்திருந்தது. இது பழைய நூறு நாளுக்கும் பொருந்தும் என்று ஒரு வரி சேர்த்திருந்தார்கள். பச்சை ஸ்டிக்கர்கள் ஒரே நாளில் சிவப்பாயின. நூறு நாளில், தேங்காய்ப்பால் சேர்த்த இரண்டு நாள் போக, வந்த நாளெல்லாம் மூன்றரைக்கு அருகிலேயே நின்ற ஒரே ஆள் சி-113.

எட்வர்ட் அவளைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

"கம்பெனி உண்மையான முயற்சிய எப்பவும் கவனிச்சுக்கிட்டேதான் இருக்கும்," என்றார். அவளுடைய கையைக் குலுக்கினார்.

ரத்தப் பரிசோதனை ஒன்றுதான் பாக்கி. சுகாதார நிலையத்தில் பதினொன்று புள்ளி ஆறு என்று எழுதித் தந்தார்கள். நர்ஸ் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டார். வினோதா நோட்டைக் காட்டினாள். நர்ஸ் அதைப் பார்த்துப் பார்த்து, பீட்ரூட் பாதி, நெல்லி இரண்டு என்று ஒரு சீட்டின் பின்புறத்தில் தனக்காக எழுதிக்கொண்டார். நூறு நாள் திட்டத்தில் அவளுடைய சாற்றின் செய்முறையைக் கேட்டவர் அவர் ஒருவர்தான்.

ஒன்றாம் தேதி வினோதாவுக்கு நிரந்தர டோக்கன் வந்தது. செண்பகம் அதைக் கையில் வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். இனிமே இத்த திருப்பிக் குடுக்க வேணாம்ல என்று கேட்டாள். வேணாம் என்றதும், முந்தானையால் துடைத்துக் கொடுத்தாள்.

அன்றிலிருந்து அவளை எட்டாம் நம்பர் மெஷினில் போட்டார்கள். சரியாகப் பத்து மணிக்கு மணிகண்டன் கிளாஸோடு வந்தார். ஆரஞ்சு நிறம். ரிஜிஸ்டரில் வினோதா கையெழுத்துப் போட்டாள். மணிகண்டன் போகவில்லை.

"போய்க்கோங்கண்ணா, நான் அப்பறம் குடிக்கிறேன்."

"இல்லம்மா. அந்த மெஷினு விசயத்துக்கப்பறம் ரூல மாத்திட்டாங்க. ஆளு குடிக்கிறத நின்னு பாத்து நான் ஒரு கையெத்து போடணும்."

வினோதா கிளாஸைக் கையில் எடுத்தாள். பாதாம் மரம் ஷெட்டின் அந்தக் கோடியில் இருந்தது. எட்டாம் நம்பர் மெஷினின் டாங்க் அவள் முழங்காலருகில் இருந்தது. மூடி லேசாகத் திறந்துகூட இருந்தது. ஆனால் அந்த மெஷின் இன்னும் நிரந்தரமாகவில்லை. அதற்கு ஜூஸ் கொடுக்க விதியில்லை.

அவள் குடித்தாள். மணிகண்டன் கையெழுத்துப் போட்டுக்கொண்டு அடுத்த மெஷினுக்குப் போனார்.

அன்று மாலை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து நோட்டைத் திறந்து, வழக்கம்போல் தேதி போட்டு எழுதினாள்.

'காலை ஐந்து மணி: பீட்ரூட், கேரட், நெல்லி, முருங்கைக்கீரை. சர்க்கரை இல்லை.

பத்து மணி: பணி நிரந்தரம்.'

சரியாக எழுதியிருக்கிறோமா என்று மூன்று முறை பார்த்தாள். கேள்விக்குறி போடவில்லை.